கையெழுத்தும் கல்லாவும்: வட்டியில்லா நிதி அமைப்புகளில் மார்க்க மேற்பார்வை

ஸ்ரீரங்கத்தின் சித்திரை வீதிகளிலோ உத்திர வீதிகளிலோ வீடு தேடிப் போனால் தரகர் முதலில் கேட்பது, "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்றுதான். ஒத்தி என்றால் சில லட்சங்களை வீட்டுக்காரர் கையில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு, பேசிய காலம் முழுவதும் வாடகையில்லாமல் குடியிருப்பது. காலம் முடிந்ததும் கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். போக்கியம் என்று சொல்லும் ஊர்களும் உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சுவாதீன அடமானத்தை விளக்கும்போது, கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகச் சொத்தின் வருமானத்தை அனுபவிக்கலாம் என்கிறது.

'வட்டிக்குப் பதிலாக' என்று சட்டமே சொல்லிவிட்ட பிறகு, காவிரிப் பாலத்துக்குத் தெற்கே பாலக்கரையிலோ ஆழ்வார்தோப்பிலோ இருக்கும் முஸ்லிம் குடும்பம் ஒத்திக்குப் போகலாமா? பள்ளிவாசல் இமாமிடம் கேட்டால் கூடாது என்பார். கடன் கொடுத்தவர் அந்தக் கடனால் எந்தப் பலனையும் அடையக் கூடாது என்பது மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதி. இன்னொரு ஹஜ்ரத்திடம் போனால், மாதம் ஏதோ ஒரு தொகையை வாடகையாகப் பேசிக்கொள்ளுங்கள், மீதியை முன்பணமாக வையுங்கள், கூடும் என்பார். மூன்றாமவர், முன்பணம் பெரிதாக இருப்பதால்தானே வாடகை இவ்வளவு குறைந்தது, ஆகவே அதுவும் கூடாது என்பார். குடும்பம் தனக்கு வசதியான பதிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். அதில் பெரிய கேடு ஒன்றும் இல்லை. பணம் அவர்களுடையது, மறுமைக் கணக்கும் அவர்களுடையது. ஆயிரம் பேர் பணத்தை வாங்கி வைத்திருக்கும் ஒரு நிறுவனம் இதே மூன்று வாசல்களையும் தட்டிவிட்டு வசதியான பதிலை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? வங்கி அல்லாத இஸ்லாமிய நிதி நிறுவனங்களில் மார்க்கச் சட்ட மேற்பார்வை என்று உலகெங்கும் பேசப்படும் விஷயம் இங்கேதான் தொடங்குகிறது.

'வங்கி அல்லாத' என்ற அடைமொழி முக்கியமானது. இந்தியாவில் 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வட்டியில்லா வங்கி நடத்த வழியில்லை. அதனால் வட்டியைத் தவிர்க்க நினைக்கிறவர்கள் ஒதுங்கியது பைத்துல்மால், நகைக் கடன் சங்கம், கூட்டுறவுக் கடன் சங்கம், குத்தகை நிறுவனம், முதலீட்டு நிறுவனம், சீட்டு ஆகியவற்றின் நிழலில்தான். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு சட்டத்தின் கீழ் வருகின்றன. சில எந்தச் சட்டத்தின் கீழும் வருவதில்லை.

தமிழகத்து முஸ்லிம் ஊர்களில் அதிகம் புழங்குவது பைத்துல்மால்தான். ஜமாஅத்தின் பொதுநிதி அது. ஜகாத், சதகா, வெளிநாட்டில் சம்பாதிப்பவர்கள் அனுப்பும் நன்கொடை எல்லாம் அதில் சேரும். பல ஊர்களில் அதன் முக்கியமான வேலை வட்டியில்லா நகைக் கடன். நகையை ஈடாக வாங்குவதற்கு மார்க்கத்தில் தடையில்லை. கடனுக்குக் கூலி வாங்குவதற்குத்தான் தடை. அப்படியானால் நகையைப் பெட்டகத்தில் வைக்கும் வாடகை, தரம் பார்க்கும் பொற்கொல்லரின் கூலி, கணக்கரின் சம்பளம் ஆகியவற்றை யார் கொடுப்பது? 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம், கடன் கொடுப்பதற்கு உண்மையில் ஆன செலவை மட்டும் வாங்கலாம், அதற்கு மேல் ஒரு காசு வாங்கினாலும் வட்டி என்று முடிவு சொன்னது. கேட்க எளிமையாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும்.

ஒரு பைத்துல்மாலுக்கு ஆண்டுச் செலவு ஆறு லட்சம், கடன் ஆயிரம் பேருக்கு என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 600 ரூபாய். ரசீது எழுதுவதும் நகையைப் பூட்டுவதும் எல்லாருக்கும் ஒரே வேலை என்பதால் எல்லாரிடமும் 600 வாங்குவதே மார்க்கத்துக்கு நெருக்கமானது. ஆனால் பத்தாயிரம் வாங்கும் பூக்காரப் பெண்மணிக்கு அது நூற்றுக்கு ஆறு. லட்ச ரூபாய் வாங்கும் கடைக்காரருக்கு நூற்றுக்கு அரைக்குச் சற்று மேல். ஏழைக்கு உதவ வந்த நிதி ஏழையிடமே அதிகம் வாங்குகிறது. சரி, கடன் தொகைக்கு ஏற்ப ஏற்றி இறக்கலாம் என்றால், தொகைக்கு இத்தனை சதவீதம் என்று வந்த கணமே அது வட்டியின் உருவத்தை எடுத்துவிடுகிறது. வட இந்தியாவின் 'முஸ்லிம் ஃபண்ட்'கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன. 1961இல் தேவ்பந்தில் தொடங்கிய ஃபண்டும் அதன் வழியில் வந்தவையும் கடன் விண்ணப்பப் படிவத்தை விலைக்கு விற்றன. கடன் பெரிதானால் படிவத்தின் விலையும் பெரிது. காகிதம் விற்பது வியாபாரம்தானே என்பது வாதம். ஒரே காகிதத்துக்கு ஏன் பத்து விலை என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

மலேசியா வேறு வழியில் போனது. 1992இல் திரெங்கானு மாநிலத்தில் தொடங்கிய 'அர்-ரஹ்னு' என்ற இஸ்லாமிய அடகுக் கடைகள், கடனுக்கு எதுவும் வாங்காமல் நகையைப் பாதுகாக்கும் கூலியை மட்டும் நகையின் மதிப்பை வைத்து வாங்குகின்றன. திருச்சி விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூருக்குப் போய்வரும் நம்மூர்க்காரர்கள் பலருக்கு இந்தக் கடைகள் பழக்கம். நகை மதிப்பும் கடன் தொகையும் சேர்ந்தே ஏறுவதால், கூலி மறைமுகமாகக் கடனைத் தொடர்ந்து போகவில்லையா என்ற சந்தேகம் அங்கும் தீர்ந்தபாடில்லை. என் பார்வையில் மூன்று வழிகளிலும் சரியான வழி எது என்பதைவிட, அந்த 600 ரூபாய் உண்மையான செலவுதானா என்று யார் பார்த்தார்கள் என்பதே பெரிய கேள்வி. அதை ஓர் ஆலிமால், அதாவது மார்க்க அறிஞரால், சொல்ல முடியாது. அவர் படித்தது சட்டம்; செலவுக் கணக்கல்ல. கணக்குப் பிள்ளைக்கோ எந்தச் செலவு சேரும், எது சேராது என்ற மார்க்க விவரம் தெரியாது. இருவரும் ஒரே மேசையில் உட்காராத இடத்தில் மேற்பார்வை என்று ஒன்று இல்லை.

சீட்டு விஷயத்தில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். திருச்சி காந்தி மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவர்கள் சீட்டு இல்லாமல் பிழைப்பு நடத்துவதில்லை. ஏலச்சீட்டில், அவசரத்துக்குப் பணம் வேண்டியவர் தள்ளி எடுக்கிறார். தள்ளிய தொகை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. அந்தத் தள்ளுபடி, காத்திருந்தவருக்குக் கிடைக்கும் வட்டிதான் என்பதில் பெரும்பாலான ஆலிம்களுக்குச் சந்தேகமில்லை. குலுக்கல் சீட்டில் தள்ளுபடி கிடையாது; எல்லாரும் ஒரே தொகை கட்டி, முறை வரும்போது முழுத்தொகையும் எடுக்கிறார்கள். அது கூடும். இதற்கு ஆதாரம் தேடி அரபு நாட்டுப் புது ஃபத்வாக்களுக்குப் போக வேண்டியதில்லை. பதினேழாம் நூற்றாண்டு எகிப்தில் வாழ்ந்த ஷாஃபிஈ அறிஞர் கல்யூபி, பெண்கள் வாரந்தோறும் ஆளுக்கு ஒரு தொகை போட்டு வரிசையாக ஒருவருக்கு எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அது ஆகும் என்று எழுதியிருக்கிறார். அடுக்களையில் நடக்கும் மகளிர் சீட்டு, கெய்ரோவின் சட்ட நூலில் அன்றே ஏறிவிட்டது.

இங்கே ஷாஃபிஈ என்று சொன்னது சும்மா இல்லை. தமிழகத்துக் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபை, அதாவது அந்தச் சட்ட மரபைச் சேர்ந்தவர்கள். திருச்சியின் ராவுத்தர்களும் உருது பேசுகிறவர்களும் பெரும்பாலும் ஹனஃபிகள். பெண்கள் அணியும் நகைக்கு ஜகாத் உண்டா என்பதில் தொடங்கி, ஒரு பொருளைக் கடனுக்கு விற்று உடனே குறைந்த விலைக்கு ரொக்கமாகத் திரும்ப வாங்குவது செல்லுமா என்பது வரை இரு மத்ஹபுகளும் வேறுபடுகின்றன. அந்தக் கடைசி விஷயத்தில், வெளித்தோற்றத்தில் இரண்டும் முறையான விற்பனைகள் என்றால் செல்லும் என்ற ஷாஃபிஈ கருத்தைப் பிடித்துக்கொண்டு மலேசியா ஒரு நிதிச் சந்தையையே கட்டியது. வளைகுடா நாடுகளின் அறிஞர்கள் அது வட்டிக்கான புறவாசல் என்று ஒதுக்கினார்கள். திருச்சியில் ஒரு நிறுவனம் தொடங்கினால் அதன் மார்க்கக் குழுவில் எந்த மத்ஹபுக்காரர் இருப்பார் என்பது வெறும் மரியாதைப் பிரச்சினை அல்ல. எந்த ஒப்பந்தம் செல்லும் என்பதையே அது தீர்மானிக்கும்.

உலக அளவில் இதற்கெல்லாம் எழுதப்பட்ட விதிகள் உண்டு. 1991இல் பஹ்ரைனில் அமைந்த ஆயோஃபி என்ற கணக்கு, தணிக்கைத் தர அமைப்பு, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் குறைந்தது மூன்று அறிஞர்கள் கொண்ட மார்க்கக் குழு வேண்டும், நிறுவனத்தின் இயக்குநர் அதில் இருக்கக் கூடாது, குழுவை நியமிப்பது பங்குதாரர்களின் பொதுக்குழுவாக இருக்க வேண்டும் என்கிறது. கோலாலம்பூரில் இயங்கும் இஸ்லாமிய நிதிச் சேவை வாரியம் 2009 டிசம்பரில் இதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. முன்கூட்டித் தீர்ப்புச் சொல்வது ஒருவர் வேலை, தீர்ப்பின்படி நடந்ததா என்று உள்ளே இருந்து பார்ப்பது இன்னொருவர் வேலை, ஆண்டு முடிவில் வெளியிலிருந்து சரிபார்ப்பது மூன்றாமவர் வேலை என்று அது பிரிக்கிறது. மலேசிய மத்திய வங்கி இன்னும் கறார். ஓர் அறிஞர் ஒரே துறையில் இரண்டு நிறுவனங்களின் குழுவில் உட்கார முடியாது. 2013ஆம் ஆண்டின் இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டப்படி, மார்க்க விதியைத் தெரிந்தே மீறிய நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு எட்டு ஆண்டு வரை சிறையும் இரண்டரைக் கோடி ரிங்கிட் வரை அபராதமும் உண்டு. ஃபத்வாவை மீறினால் ஜெயில் என்ற நிலை வேறு பல இஸ்லாமிய நாடுகளில்கூட இல்லை.

பாகிஸ்தான் இன்னும் முன்பே ஒரு முயற்சி செய்தது. 1980இல் 'முளாரபா' நிறுவனங்களுக்கென ஓர் அவசரச் சட்டம் வந்தது. முளாரபா என்றால் ஒருவர் முதல் போட, இன்னொருவர் உழைக்க, லாபத்தைப் பேசிய பங்கில் பிரித்துக்கொள்வது. நஷ்டம் வந்தால் பணம் போட்டவர் தலையில். ஒவ்வொரு முளாரபாவின் தொழிலும் மார்க்கத்துக்கு முரணில்லை என்று அரசு அமைத்த மார்க்க வாரியம் சான்று தந்தால்தான் மக்களிடம் பணம் திரட்டலாம். பங்குச் சந்தையில் பட்டியலான முளாரபாக்கள் ஓரளவு ஒழுங்காக நடந்தன. 2013 வாக்கில் வெடித்த பெரிய மோசடியோ பதிவே செய்யாமல், அதே 'முளாரபா' என்ற பெயரில், மதரசா வட்டாரத்தைச் சேர்ந்த சிலர் திரட்டிய பணத்தில் நடந்தது. சட்டம் காத்த பெயரை, சட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் விற்றுவிட்டார்கள்.

இதற்கு முன்னோடி எகிப்து. 1980களில் அங்கே ரய்யான் போன்ற 'இஸ்லாமிய முதலீட்டு நிறுவனங்கள்' வங்கிகளைவிட அதிக லாபம் தருவதாகச் சொல்லி, வளைகுடாவில் உழைத்தவர்களின் சேமிப்பை வாரிக்கொண்டன. பிரபலமான மார்க்கப் பேச்சாளர்களின் ஆதரவும் கிடைத்தது. 1988இல் அரசு சட்டம் போட்டுக் கடிவாளம் பிடித்தபோது கணக்கு வெளியே வந்தது, நிறுவனங்கள் சரிந்தன.

நம் பக்கத்து வீட்டுக் கதை பெங்களூருவின் ஐ.எம்.ஏ. 2006இல் தொடங்கி, தங்கம் விற்பனை, மருந்துக் கடை, பள்ளிக்கூடம் என்று விரிந்து, ஹலால் லாபம் என்று மாதாமாதம் பணம் கொடுத்துவந்த அந்தக் குழுமம் 2019 ஜூனில் ஒரே வாரத்தில் நொறுங்கியது. நிறுவனர் முகமது மன்சூர் கான் துபாய்க்குப் போய்விட்டு, அடுத்த மாதம் டெல்லி திரும்பியபோது கைதானார். வழக்கு பிறகு சி.பி.ஐ.யிடம் போனது. பணத்தை இழந்தவர்களில் ஓய்வூதியக்காரர்களும், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்தவர்களும், ஹஜ்ஜுக்கு வைத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

ஐ.எம்.ஏ.யில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பணம் போட்டவர்களை அது வைப்பாளர்கள் என்று எழுதவில்லை, எல்.எல்.பி. எனப்படும் வரையறுக்கப்பட்ட பொறுப்புடைமைக் கூட்டாண்மையில் கூட்டாளிகளாகச் சேர்த்தது. மார்க்கப்படிப் பார்த்தால் சரி: வட்டி வாங்கும் வைப்பாளர் அல்ல, லாப நஷ்டத்தில் பங்குள்ள கூட்டாளி. சட்டப்படிப் பார்த்தாலும் அவர்களுக்கு வசதி: கூட்டாளி போட்ட முதல் வைப்புத்தொகை ஆகாது, ஆகவே ரிசர்வ் வங்கியின் வைப்பு விதிகள் தொடாது. மார்க்கம் கேட்ட உருவமும் சட்டத்தின் ஓட்டையும் ஒரே இடத்தில் பொருந்திவிட்டன. அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்த எந்த ஆலிமும் இதில் வட்டி இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். ஏட்டில் வட்டி இல்லைதான். வந்த பணம் தொழிலுக்குப் போனதா, முந்தியவருக்கு லாபமாகக் கொடுக்கப்பட்டதா என்பது ஒப்பந்தத்தில் இருக்காது, கல்லாவில்தான் இருக்கும். கல்லாவை யாரும் பார்க்கச் சொல்லவில்லை. பணம் போட்டவர்கள் பேச்சில் அடிக்கடி வந்த வாதம், "ஹஜ்ரத்மார்களே சொல்லியிருக்காங்களே" என்பதுதான். ஹஜ்ரத் சொன்னது ஒப்பந்தம் ஹலால் என்று. கேட்டவர்கள் காதில் விழுந்தது பணம் பத்திரம் என்று.

காவிரிப் படுகையும் இதற்கு விலக்கல்ல. சில ஆண்டுகளுக்கு முன் தஞ்சைப் பக்கத்தில் ஒரு பேருந்து நிறுவனத்தில் பங்கு லாபம் என்று பணம் போட்ட ஏராளமான முஸ்லிம் குடும்பங்கள், உரிமையாளர் இறந்த பிறகு முதலுக்கே அலைந்தன. பேருந்து கண்ணெதிரே ஓடியது, டிக்கெட் வசூல் கண்ணெதிரே நடந்தது. எத்தனை பேரிடம் எவ்வளவு வாங்கப்பட்டது என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. இது முஸ்லிம்களுக்கு மட்டுமான பலவீனமும் அல்ல. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் மீது நகைச் சேமிப்புத் திட்ட மோசடி என்று 2023இல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தபோது வரிசையில் நின்றவர்களில் எல்லாச் சாதி, மதத்தினரும் இருந்தார்கள். அங்கே நம்பவைத்தது விளம்பரம். இங்கே மார்க்கத்தின் பெயர். வித்தியாசம் அவ்வளவுதான்.

மார்க்க மேற்பார்வை பலவீனமாக இருந்தால் ஏமாற்றுக்காரருக்கு மட்டும் அல்ல, கடனைத் திருப்பித் தர மனமில்லாத பெரிய நிறுவனத்துக்கும் அது கேடயமாகும். குவைத்தின் 'இன்வெஸ்ட்மென்ட் தார்' என்ற வங்கி அல்லாத முதலீட்டு நிறுவனம் லெபனான் வங்கி ஒன்றிடம் வாங்கிய பணத்தைத் தராமல், 2009இல் லண்டன் நீதிமன்றத்தில் ஒரு வாதம் வைத்தது: இந்த ஒப்பந்தத்தில் நிச்சய லாபம் பேசியது வட்டிக்குச் சமம், மார்க்கத்துக்கு முரணான தொழில் செய்ய எங்கள் நிறுவன விதி அனுமதிக்கவில்லை, ஆகவே ஒப்பந்தமே செல்லாது. இத்தனைக்கும் அந்த ஒப்பந்தத்தை அவர்களுடைய சொந்த மார்க்கக் குழுதான் அங்கீகரித்திருந்தது. வாதத்தை நீதிபதி ஒரேயடியாகத் தள்ளிவிடாமல், விசாரணைக்குரியது என்றார். 2017இல் ஷார்ஜாவின் டானா கேஸ் நிறுவனம் தன் 70 கோடி டாலர் சுக்கூக் எனும் இஸ்லாமிய முதலீட்டுப் பத்திரங்களே மார்க்கத்துக்கு முரண் என்று சொல்லி நிறுத்தப் பார்த்தது. லண்டன் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கையெழுத்துப் போட்ட குழுவே பிறகு கையெழுத்தைக் காப்பாற்ற நிற்காவிட்டால், அந்தக் கையெழுத்து எதற்கு?

இந்திய அரசின் நிலை தயக்கத்தின் வரலாறு. 2005இல் அமைந்த ரிசர்வ் வங்கிக் குழு ஒன்று இப்போதைய சட்டத்தில் இடமில்லை என்றது. 2008இல் ரகுராம் ராஜன் குழு வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழி செய்யலாம் என்றது. 2015இல் தீபக் மொஹந்தி குழு வழக்கமான வங்கிகளிலேயே தனிச் சாளரம் திறக்கலாம் என்றது. 2017இல் அந்த யோசனையைத் தொடரவில்லை என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. 2014 டிசம்பரில் பாரத ஸ்டேட் வங்கியின் மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம் ஒரு ஷரீஆ பங்கு நிதியைத் தொடங்குவதாக அறிவித்து, கடைசி நேரத்தில் நிறுத்தியது.

வங்கி அல்லாத நிறுவனங்களுக்கோ கதவு திறந்திருப்பது போலத் தோன்றும், உள்ளே போனால் முட்டும். 1997இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டபோது நிதி நிறுவனங்களுக்குக் கட்டாயப் பதிவும், குறைந்தபட்சச் சொந்த நிதியும், பொது வைப்பு வாங்கினால் அதில் ஒரு பகுதியை அரசுக் கடன் பத்திரங்களில் போட வேண்டும் என்பதும் வந்தன. அரசுப் பத்திரம் என்றால் வட்டி. வட்டி வேண்டாம் என்று தொடங்கிய நிறுவனம் சட்டப்படி வட்டிப் பத்திரம் வாங்கியே ஆக வேண்டும். இந்தத் திருத்தத்துக்குப் பிறகு நாட்டின் பல இஸ்லாமிய நிதி நிறுவனங்கள் கடையைக் கட்டின. பிறகு வந்த நியாய நடைமுறை விதிகள், கடன் வாங்குபவரிடம் ஆண்டு வட்டி விகிதத்தைச் சொல்லச் சொல்கின்றன. கடன் வாங்குபவரைக் காப்பாற்ற வந்த நல்ல விதி. வட்டியே இல்லாத குத்தகைக்கும் கூட்டு முதலீட்டுக்கும் அதில் எதை எழுதுவது? கேரளத்தின் ஆல்டர்நேட்டிவ் இன்வெஸ்ட்மென்ட்ஸ் அண்ட் கிரெடிட்ஸ் நிறுவனம் இந்தக் கல்லில் இடறித்தான் பதிவை இழந்தது.

கேரளத்திலேயே எதிர்த்திசையில் ஒரு வெற்றியும் உண்டு. மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகம் 11 சதவீதப் பங்கெடுத்த அல்-பரகா நிறுவனத்தை, மதச்சார்பற்ற அரசு மதத்தை வளர்க்கலாமா என்று சுப்பிரமணியன் சுவாமி வழக்குப் போட்டு எதிர்த்தார். 2011 பிப்ரவரி 3 அன்று உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. நாட்டின் சட்டத்தை மீறாதவரை ஒரு நிறுவனம் மார்க்க விதிப்படித் தொழில் செய்வதில் தவறில்லை என்பது அதன் சாரம். 2013இல் அந்த முயற்சி சேரமான் ஃபைனான்ஷியல் சர்வீசஸ் என்ற பெயரில் தொழிலுக்கு வந்தது.

இவற்றுக்கு நடுவே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது பங்கு நிதிகள். டாடா எத்திக்கல் ஃபண்ட், டாரஸ் எத்திக்கல் ஃபண்ட் போன்றவை மது, சூதாட்டம், வட்டித் தொழில் நிறுவனங்களை ஒதுக்கிவிட்டு மற்றவற்றில் முதலீடு செய்கின்றன. மும்பையின் தாசிஸ் போன்ற ஆலோசனை நிறுவனங்கள் எந்தப் பங்கு கூடும் என்று பட்டியல் போடுகின்றன. வட்டிக் கடன் சொத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வட்டி வருமானம் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது தாசிஸின் அளவுகோல். இந்த அளவுகோல்கள் ரொம்பத் தளர்வு என்று சொல்லும் ஆலிம்கள் திருச்சியிலேயே இருக்கிறார்கள். ஆனால் இவற்றில் மார்க்கத்தின் பெயரால் முதலையே தூக்கிக்கொண்டு ஓடியவர் யாரும் இல்லை. ஆலோசகர் பார்ப்பது பட்டியலை மட்டும். பணம் இருப்பது தனிப் பொறுப்பாளரிடம். மேலே உட்கார்ந்து பார்ப்பது செபி.

ஸ்ரீரங்கம் கோயிலில் உண்டியல் திறக்கும்போது பெருமாளுக்குப் பூஜை செய்யும் அர்ச்சகர் சாவியோடு வருவதில்லை. அறநிலையத் துறை அதிகாரிகள் முன்னிலையில் பூட்டுத் திறந்து, பலர் உட்கார்ந்து எண்ணி, ரொக்கம் இவ்வளவு, தங்கம் இத்தனை கிராம், வெளிநாட்டுப் பணத்தாள் இத்தனை என்று செய்தித்தாளில் வரும். அர்ச்சகரை நம்பாததால் அல்ல. பூஜையும் எண்ணிக்கையும் வேறு வேறு வேலை என்பதால். நம்மூர் வட்டியில்லா நிதி முயற்சிகளில் பெரும்பாலும் இந்தப் பிரிவினை நடக்கவே இல்லை. ரிசர்வ் வங்கி அவற்றைப் பார்க்கவில்லை, ஏனென்றால் பதிவில் இல்லை. ஆலிம்கள் கணக்கைப் பார்க்கவில்லை, ஏனென்றால் யாரும் காட்டவில்லை, காட்டினாலும் அது அவர்கள் வித்தை இல்லை. ஐ.எம்.ஏ.க்குப் பிறகு பெரும்பாலான கண்டனம் ஆலிம்கள் மேல் விழுந்தது; பாதி நியாயம்தான். கையெழுத்தை எதற்குப் போட்டோம், எதற்குப் போடவில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுக்காதது தவறு. மீதிப் பாதி, தணிக்கை அறிக்கை எங்கே என்று கேட்காத நம்முடையது.

இலங்கை இதில் நமக்கு ஒரு படி முன்னே போயிருக்கிறது. வட்டியில்லா வங்கிச் சேவைக்கு இடம் தரும்படி 2005இல் அங்கே வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. 1997இல் முதலீட்டு நிறுவனமாகத் தொடங்கிய அமானா, 2011இல் முழு வங்கி ஆனது. குத்தகை, நிதி நிறுவனமான எல்.ஓ.எல்.சி. 'அல்-ஃபலாஹ்' என்ற தனிப் பிரிவை 2007இல் தொடங்கியது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி மார்க்கக் குழு இருக்கிறது, பணத்தை மத்திய வங்கி பார்க்கிறது. வட்டிக் கடன் கொடுக்கும் அதே நிறுவனத்தின் ஒரு மேசையில் வட்டியில்லாப் பிரிவும் உட்கார்ந்தால் இரண்டு பணமும் கலக்காது என்பதற்கு என்ன உறுதி என்ற கேள்வி அங்கே உயிரோடு இருக்கிறது. ஆனால் அது கேட்கக்கூடிய கேள்வி. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் ஒருவர் இருக்கிறார். நமக்கு அந்த ஒருவரே இல்லை.

வீட்டுக் கடன் வேண்டுபவர் நிலை இன்னும் மோசம். நிறுவனமும் வாங்குபவரும் சேர்ந்து வீடு வாங்கி, வாங்குபவர் நிறுவனத்தின் பங்கைச் சிறிது சிறிதாகத் தீர்க்கும் 'குறையும் கூட்டு' முறை மலேசியாவிலும் பிரிட்டனிலும் சாதாரணம். இங்கே பங்கு கைமாறுவதைப் பத்திரம் போட்டால் தமிழ்நாட்டு முத்திரைத் தீர்வை மட்டும் 7 சதவீதம். வீடு வாங்கும்போது ஒருமுறை, பங்கு கைமாறும்போது இன்னொருமுறை என்ற இந்த இரட்டைத் தீர்வையை பிரிட்டன் 2003இலேயே நீக்கியது. இங்கே அதைக் கேட்கும் குரல்கூட இல்லை.

2019இல் வந்த முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் பைத்துல்மால்களுக்கு ஒரு புதிய நெருக்கடி. திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கும் பணத்துக்கு வட்டியோ லாபமோ தந்தாலும் தராவிட்டாலும் அது வைப்பு என்கிறது அந்தச் சட்டத்தின் வரையறை. நன்கொடையில் மட்டும் ஓடும் பைத்துல்மாலுக்குக் கவலையில்லை. ஆனால் வெளிநாட்டில் இருப்பவர் "அமானத்தா வெச்சிருங்க, ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கிக்கறேன்" என்று கொடுத்த பணத்தை நகைக் கடனாகச் சுழற்றும் பைத்துல்மால், ஒரு பைசா லாபம் பார்க்காமலே சட்டத்தின் வாயில் நிற்கிறது. ஐ.எம்.ஏ. புகுந்த கூட்டாளி ஓட்டையோ அதே சட்டத்தில் விதிவிலக்காக அப்படியே இருக்கிறது. நல்லவனைப் பிடித்துக் கெட்டவனை விடும் வலை.

இப்போதைக்கு இதிலிருந்து வெளியே வர இருக்கும் நேர்வழி கூட்டுறவுச் சங்கம். உறுப்பினரிடம் மட்டும் வாங்கி உறுப்பினருக்கு மட்டும் கொடுப்பது, ஆண்டுப் பொதுக்குழு, அரசுத் தணிக்கை எல்லாம் அந்தச் சட்டத்திலேயே இருக்கின்றன. வட்டியில்லாமல் கூட்டுறவு நடத்துவது மும்பையிலும் டெல்லியிலும் கேரளத்திலும் பழகிய காரியம். சங்கத்தின் உபரியை வங்கியில் போட்டால் வரும் வட்டியை என்ன செய்வது என்பது போன்ற மார்க்கக் கேள்விகள் அங்கும் வரும். வட்டியைத் தனிக் கணக்கில் பிரித்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது பெரும்பாலோர் சொல்லும் வழி. அதைச் செய்தார்களா என்பதையும் ஆண்டறிக்கையில் ஒரு வரியாகக் காட்ட வேண்டும்.

திருச்சியில் இதற்கான ஆட்களுக்குப் பஞ்சமில்லை. 1951இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரியின் வணிகவியல் வகுப்புகளிலிருந்து ஆண்டுதோறும் கணக்குப் படித்தவர்கள் வெளியே வருகிறார்கள். மாநிலத்தின் அரபிக் கல்லூரிகளிலிருந்து ஆலிம்கள் வருகிறார்கள். ஒரு ஆலிமும் ஒரு கணக்குத் தணிக்கையாளரும் சேர்ந்து ஒரு பைத்துல்மாலின் ஒரு வருடக் கணக்கைப் பார்க்கட்டும். கையிருப்பு நகையை எடை போட்டு ரசீதோடு ஒப்பிடட்டும். சேவைக் கட்டணத்தில் எது செலவு, எது மிச்சம் என்று பிரிக்கட்டும். பிறகு இருவரும் தனித்தனியே கையெழுத்திட்டு, யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதி, பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். இதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை.